640 பிக்சல் முறுக்கு

அத்தை திருச்சியில் வீட்டிலேயே கை முறுக்கு சுற்றி விற்கிறார். ஒன்பது வருஷமாகத் தெரிந்தவர்கள் மூலமாகவே வியாபாரம். இந்த ஆவணியில் வாசல் அறையைக் கடையாக மாற்றினார். பத்தடிக்கு நாலடியில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு வேண்டும், பாக்கெட்டில் ஒட்ட லேபிள் வேண்டும், பில்லில் குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்பும் வேண்டும். "நீதான் எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கியே, இதையும் பாத்துக் குடுடா" என்று என் தலையில் கட்டிவிட்டார். லோகோ ஏற்கெனவே இருக்கிறது, எடுத்து அனுப்பினால் அரை மணி நேர வேலை என்று நானும் தலையாட்டினேன். பத்து நாள் ஆயிற்று.

லோகோ இருந்தது உண்மைதான். ஒன்பது வருஷத்துக்கு முன் விசிட்டிங் கார்டு அடித்தபோது யாரோ வரைந்து கொடுத்தது. மஞ்சள் பின்னணி, நடுவில் அரக்கு நிறத்தில் ஐந்து சுற்றுக் கை முறுக்கு, பக்கத்தில் கடைப் பெயர். வரைந்தவர் இப்போது எங்கே என்று தெரியாது. மிச்சம் இருப்பது அத்தையின் ஃபோனில் உள்ள ஒரு ஜேபெக் மட்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 640க்கு 256 பிக்சல், 31 கேபி.

அதை அப்படியே ஃபிளெக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே டிசைன் பார்க்கிற அண்ணன் திரையில் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஓப்பன் ஃபைல் இருக்கா தம்பி? சிடிஆர், பிடிஎஃப், எதாவது?" என்றார். திருத்தக்கூடிய மூல ஃபைலைத்தான் அப்படிக் கேட்கிறார். இல்லை என்றேன். "அப்ப இதை வச்சு அடிச்சா முறுக்கு தெரியாது, செங்கல்லு அடுக்கினாப்ல இருக்கும்."

அவர் மிகைப்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பத்தடி என்பது 120 அங்குலம், 3048 மில்லிமீட்டர். அதை 640 பிக்சலுக்குப் பங்கு வைத்தால் ஒரு பிக்சலுக்கு 4.76 மில்லிமீட்டர். ஒவ்வொரு பிக்சலும் கிட்டத்தட்ட ஒரு பொட்டுக்கடலை அளவு. பொட்டுக்கடலையை அடுக்கிக் கை முறுக்கு வரைய முடியுமா என்ன?

மாமா பையனுக்கு இதெல்லாம் சின்ன விஷயம். "அண்ணா, ஜேபெக்தான் பிரச்சினை. நான் பிஎன்ஜியா மாத்தித் தர்றேன், பின்னணியும் போயிடும்" என்றான். இரண்டே நிமிடத்தில் அனுப்பியும் விட்டான். திறந்தால் அதே படம், அதே மஞ்சள், அதே 31 கேபி. பையன் ஃபைல் பெயரின் வாலை மட்டும் மாற்றியிருக்கிறான்! படம் பார்க்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் முதல் சில பைட்டுகளைப் பார்த்துத்தான் இது என்ன ஜாதி என்று முடிவு செய்யும். அதனால் வால் தப்பாக இருந்தாலும் படம் திறந்துவிடும், நமக்கும் மாறிவிட்டது போலத் தோன்றும்.

சந்தேகம் வந்தால் நான் செய்வது இதுதான். படத்தை நோட்பேட் போன்ற எழுத்து மென்பொருளில் திறப்பேன். கொத்து கொத்தாக உளறல் வரும், அதில் முதல் வரியை மட்டும் பார்த்தால் போதும். பிஎன்ஜி என்றால் இரண்டாவது எழுத்திலிருந்து ஆங்கிலத்தில் பிஎன்ஜி என்றே இருக்கும், ஜிஃப் என்றால் ஜிஃப் என்றே தொடங்கும். ஜேபெக்கில் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்சிஃப் என்று தட்டுப்படும். வெப்பி என்றால் முதலில் ரிஃப், சில எழுத்து தள்ளி வெப்பி. மாமா பையனின் பிஎன்ஜி தன்னை ஜேஎஃப்ஐஎஃப் என்று ஒப்புக்கொண்டது.

சரி, முறையாகவே மாற்றினால்? கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்தேன். 31 கேபி இருந்தது 140 கேபி ஆனது, படம் துளி கூடத் தெளியவில்லை. தெளியவும் தெளியாது. ஜேபெக் தூக்கிப் போட்டது போட்டதுதான். பிஎன்ஜி தன்னிடம் வந்ததை ஒரு பிக்சல் பிசகாமல் காப்பாற்றும். வந்தது அழுக்கு என்றால் அந்த அழுக்கையும் அதே அக்கறையோடு காப்பாற்றும்.

அந்த அழுக்கு எப்படி இருந்தது என்று 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் என்று நாம் நினைப்பது நடுவில்தான் மஞ்சள். முறுக்கின் ஓரத்தை ஒட்டி கொசு மொய்த்தாற்போல் புள்ளி புள்ளியாகக் கலங்கல். அந்தக் கலங்கல் எங்கே முடிகிறது என்று எண்ணினால் சரியாகச் சதுரச் சதுரமாக நிற்கிறது, ஒவ்வொரு சதுரமும் 8க்கு 8 பிக்சல். ஜேபெக் படத்தைப் பார்ப்பதே அப்படித்தான். 8க்கு 8 கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் அலை, வேகமாக மாறும் அலை என்று பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத வேகமான மாற்றங்களை முரட்டுத்தனமாகத் தோராயமாக்கிவிடும். 1992இல் இந்தத் தரத்தை வகுத்த குழுவின் பெயரிலேயே புகைப்பட நிபுணர்கள் என்று இருக்கிறது. புகைப்படத்தில் இது அற்புதமாக வேலை செய்யும். ஆகாயம், கன்னம், வாழை இலை எல்லாம் மெல்ல மெல்ல மாறுபவை. ஆனால் அரக்கு எழுத்தின் ஓரம் மஞ்சளில் கத்தி வெட்டு மாதிரி முடிகிறது. அந்த ஒரு வெட்டை அலைகளால் கட்ட வேகமான அலைகள் நிறைய வேண்டும். அவற்றைத்தான் ஜேபெக் முதலில் கை கழுவுகிறது. மிச்சமான அலைகள் அந்தக் கட்டம் முழுக்கத் தளும்புகின்றன. கொசு மொய்ப்பது அதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். அரக்கு நிறம் ஓரத்தில் மஞ்சளுக்குள் கசிந்திருந்தது, மாக்கோலத்தின் மேல் செம்மண் ஓடியது போல. ஜேபெக் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. அதனால் பல மென்பொருள்கள் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறம் என்று பாதி பாதியாகக் குறைத்துவிடும். சிவப்பு எழுத்து, மஞ்சள் பின்னணி என்ற நம் ஊர் ரசனைக்கு இது பரம எதிரி. கிம்ப்பில் ஜேபெக் ஏற்றுமதி செய்யும்போது கூடுதல் அமைப்புகளில் 4:4:4 என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் நிறத்தைக் குறைக்காது. எழுத்து உள்ள படத்தை வேறு வழியில்லாமல் ஜேபெக்காகக் கொடுக்க நேர்ந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கெடும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். தரம் 75 வைத்து ஒரு படத்தைத் திறந்து, மூடி, திறந்து, மூடி முப்பது தடவை சேமித்தேன். முதல் இரண்டு மூன்று தடவை கெட்டது, அப்புறம் ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அதே கட்டம், அதே தரம், தூக்கிப் போட வேண்டியதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அடுத்து, ஒவ்வொரு தடவையும் இடது ஓரத்தில் மூன்று பிக்சல் வெட்டிவிட்டுச் சேமித்தேன். இப்போது 8க்கு 8 கட்டங்கள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகின்றன, பழைய அழுக்கைப் புதுப் படம் என்று நினைத்து மறுபடி நசுக்குகிறது. இருபதாவது தடவையில் படம் ஊறிப்போன அப்பளம். ஆக, சும்மா சேமிப்பதைவிட வெட்டுவதும் அளவு மாற்றுவதும் சேர்ந்து சேமிப்பதுதான் கொல்கிறது. அத்தையின் லோகோ ஒன்பது வருஷத்தில் எத்தனை ஃபோன் மாறி, எத்தனை பேர் ஓரம் வெட்டி அனுப்பி என்னிடம் வந்து சேர்ந்ததோ.

மறுபடி வரைவதைத் தவிர வழியில்லை என்று அன்று ராத்திரி முடிவானது.

பிக்சல் படத்துக்கும் வெக்டர் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அவருடைய கோல நோட்டு கண்ணில் பட்டது. அதில் ஒரு கோலத்துக்கு மேலே "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நோட்டிலும் போடலாம், தெருவை அடைத்தும் போடலாம், கோடு கோடாகவே இருக்கும். அதே கோலத்தை ஃபோனில் படம் எடுத்து, அந்தப் படத்தைத் தெரு அகலத்துக்கு இழுத்தால் என்ன ஆகும்? எஸ்விஜி என்ற வெக்டர் ஃபைல் அந்த நோட்டு வரி, ஜேபெக்கும் பிஎன்ஜியும் ஃபோட்டோ. அத்தை, "அப்ப நோட்டைத் தொலைச்சிட்டோம்னு சொல்லு" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரையும் மென்பொருளைத் திறந்தேன். இலவசம், என் பழைய மடிக்கணினியிலும் ஓடும். முதலில் குறுக்கு வழி: ஜேபெக்கை உள்ளே இழுத்து, டிரேஸ் பிட்மேப் என்ற வசதியைத் தட்டினேன். மென்பொருளே ஓரங்களைக் கண்டுபிடித்துக் கோடாக மாற்றித் தரும். தந்தது. முறுக்கின் ஓரத்தில் இருந்த கொசுவையெல்லாம் மரியாதையாகக் கோடு போட்டுத் தந்தது. ஒரு வளைவுக்கு நான்கைந்து புள்ளி போதும், இங்கே நூற்றுக்கணக்கில். எறும்பு கடித்த முறுக்கு மாதிரி இருந்தது. நல்ல, பெரிய, சுத்தமான கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இந்த டிரேஸ் பிரமாதமாக வேலை செய்யும். 640 பிக்சல் ஜேபெக்குக்கு ஆகாது. அழித்துவிட்டேன்.

அப்புறம் ஜேபெக்கை அடியில் மங்கலாக வைத்துப் பூட்டிவிட்டு, மேலே கையால் வரைந்தேன். இங்க்ஸ்கேப்பில் சுருளுக்கென்றே ஒரு கருவி உண்டு. சுற்று 5, விரிவு 1 என்று கொடுத்தால் இடைவெளி மாறாமல் அழகாகச் சுற்றும். ஆனால் அது கொசுவர்த்தி. கை முறுக்குக்கு அழகே அந்த முறுக்கிய கயிறு போன்ற புரிதான். ஒரே ஒரு புரியைத் தனியாக, சாய்ந்த அரிசி வடிவத்தில் வரைந்து, பாத் எஃபெக்டில் இருக்கும் "பாதையில் வடிவம்" வசதியால் சுருள் நெடுக வரிசையாக ஓட விட்டேன். புரி புரியாக ஐந்து சுற்றும் தானே சுற்றிக்கொண்டது. அத்தைக்கு ஒரு முறுக்குக்கு அரை நிமிடம், எனக்கு மூன்று மணி நேரம்.

கடைப் பெயர் அடுத்த தலைவலி. பழைய லோகோவில் இருந்த எழுத்து பாமினி வகை எழுத்துரு. யூனிகோடு பரவலாவதற்கு முன்பிருந்தே டிடிபி கடைகளில் புழங்குகிற முறை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள். தேடிப் பிடித்து, அடித்து, எஸ்விஜியைச் சேமித்து, ஃபோனில் திறந்தேன். முறுக்கு ஜம்மென்று இருந்தது, பக்கத்தில் கடைப் பெயருக்குப் பதில் ஆங்கில உளறல், நடுவில் ஒரு அரைப்புள்ளி வேறு. எஸ்விஜி பொதுவாக எழுத்தின் உருவத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. "இந்த எழுத்துகள், இந்த எழுத்துருவில்" என்று குறிப்பு மட்டும் வைக்கும். ஃபோனில் அந்த எழுத்துரு இல்லை, ஆகவே குறிப்பில் உள்ள ஆங்கில எழுத்துகளையே காட்டிவிட்டது. யூனிகோடில் அடித்திருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. பழைய டிசைன் மென்பொருள் சிலவற்றில் "கொ" என்பது கொம்பு தனி, க தனி, கால் தனி என்று சிதறும்.

இதற்குத்தான் ஃபிளெக்ஸ் கடைகளில் "கர்வ் பண்ணிக் குடுங்க" என்று சொல்வார்கள். எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பாதையாக மாற்றிவிட்டால் அது எழுத்து என்ற அந்தஸ்தை இழந்து வெறும் வரைபடமாகிவிடும். எந்தக் கணினியிலும் சிதறாது. ஆனால் அதன் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. அதனால் எழுத்து எழுத்தாகவே இருக்கிற நகல் ஒன்று, கர்வ் பண்ணிய நகல் ஒன்று என்று இரண்டு ஃபைல். முதலாவதை யாருக்கும் அனுப்புவதில்லை.

கர்வ் பண்ணியதை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன். அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, இழுத்துப் பெருசாக்கினா முறுக்கு பெருசாவுது, அதச் சுத்தி இருக்குற கோடு நூலு மாதிரி நிக்குதே." முறுக்கைச் சுற்றி ஒரு அவுட்லைன் போட்டிருந்தேன். கோட்டின் தடிமன் தனியான ஒரு எண். உருவத்தை இழுக்கும்போது அதுவும் வளர வேண்டுமா என்பது மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தது. அவருடையதில் வளரவில்லை. கோட்டையும் பாதையாக மாற்றிவிட்டால், அதாவது கோடு என்பதை இரண்டு ஓரம் உள்ள பட்டையாக்கிவிட்டால், இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாற்றி அனுப்பினேன்.

எஸ்விஜியில் எனக்குப் பிடித்த விஷயம், அது வெறும் எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்தால் உளறல் வராது, படிக்கலாம். அரக்கு நிறம் #801515 என்று அங்கங்கே எழுதியிருக்கும். அத்தை "இன்னும் கொஞ்சம் கருஞ்சிவப்பா இருக்கட்டும்" என்றபோது இங்க்ஸ்கேப்பைக்கூடத் திறக்கவில்லை. நோட்பேடில் தேடி, எல்லா இடத்திலும் #701010 என்று மாற்றிச் சேமித்தேன், நிறம் மாறியது. ஜேபெக்கில் இதே வேலைக்கு ஒரு மாலைப் பொழுது போயிருக்கும்.

போர்டுக்கு என்ன ரெசல்யூஷன், அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று ஒரு சின்னச் சண்டை நடந்தது. மாமா பையன், "பிரிண்ட்டுன்னா 300தான்" என்று ஒற்றைக் காலில் நின்றான். 120 அங்குலத்தை 300ஆல் பெருக்கினால் 36,000 பிக்சல், 48 அங்குலத்துக்கு 14,400. மொத்தம் 51 கோடியே 84 லட்சம் பிக்சல். அச்சின் நான்கு மை நிறத்துக்குப் பிக்சலுக்கு நான்கு பைட் வைத்தால், அச்சுக்குக் கொடுக்கிற டிஃப் என்ற பட ஃபைல் சுருக்காமல் 2 ஜிபியைத் தாண்டும். 300 என்பது கையில் பிடித்து ஒரு அடி தூரத்தில் படிக்கிற காகிதத்துக்கு. போர்டைத் தெருவில் நின்று பார்க்கிறோம். 72 போட்டால் 8640க்கு 3456, சுருக்காமல் 119 எம்பி, அதுவே தாராளம். டிஃப்பில் எல்இசட்டபிள்யூ சுருக்கம் போட்டால் ஒரே நிறம் பரந்து கிடக்கிற இந்த மாதிரிப் படம் இன்னும் பல மடங்கு சிறிதாகும், தரமும் குறையாது. கடைசியில் நான் கொடுத்தது பிடிஎஃப். உள்ளே வெக்டர் வெக்டராகவே போகும். அண்ணன் தன் மெஷினுக்கு வேண்டிய டிஃப்பை அவரே எடுத்துக்கொண்டார். போர்டு வேலை அத்தோடு முடிந்தது.

லேபிளில்தான் சரியாக மாட்டிக்கொண்டேன், தப்பு முழுக்க என்னுடையது. 3 அங்குலத்துக்கு 2 அங்குலம் லேபிள். இதற்கு 300 பொருத்தம்: 900க்கு 600 பிக்சல், வெட்டும்போது ஓரம் பிசகினால் வெள்ளை தெரியாமலிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல். இடப்பக்கம் லோகோ, வலப்பக்கம் தட்டு நிறைய முறுக்கு ஃபோட்டோ, கீழே பொடி எழுத்தில் அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், சீரகம், உப்பு, அப்புறம் உணவு உரிம எண். ஃபோட்டோ மாமா பையனின் ஐஃபோனில் எடுத்தது. எச்ஈஐசி வடிவத்தில் வந்தது. 2017 முதல் ஐஃபோன்கள் இயல்பாக இதில்தான் சேமிக்கின்றன. ஜேபெக்கைவிடச் சிறிய ஃபைல், ஆனால் அச்சக மென்பொருள்கள் எல்லாம் இதைத் திறக்கும் என்று நம்ப முடியாது. மாற்றிக்கொண்டேன். ஃபோட்டோவைப் பொறுத்தவரை ஜேபெக் கெட்டிக்காரன். 4000க்கு 3000 பிக்சல் ஃபோட்டோ ஜேபெக்கில் 3.8 எம்பி, அதையே பிஎன்ஜி ஆக்கினால் 19 எம்பி. பிஎன்ஜி பக்கத்துப் பிக்சலைப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் குறித்து, ஜிப் ஃபைல் சுருக்குகிற அதே முறையில் சுருக்கும். ஒரே மஞ்சள் பரந்திருந்தால் வித்தியாசம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று சுருண்டுவிடும். முறுக்கு மேல் எள்ளும் எண்ணெய் மினுமினுப்பும் சேர்ந்த ஃபோட்டோவில் எந்தப் பிக்சலும் பக்கத்துப் பிக்சல் மாதிரி இல்லை. என்ன சுருக்குவது?

இவ்வளவும் தெரிந்துகொண்டு, சோம்பேறித்தனத்தால் முழு லேபிளையும் ஒரே ஜேபெக்காக அச்சகத்துக்கு அனுப்பினேன். மாதிரித் தாள் வந்தது. ஃபோட்டோ அருமை. பொடி எழுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பது போல. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கறுப்பு எழுத்துக்கும் ஒரு பக்கம் நீல ஓரம், இன்னொரு பக்கம் இளஞ்சிவப்பு ஓரம். திரையின் கறுப்பு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அணைந்த நிலை. அதை அச்சுக்கு மாற்றும்போது சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என நான்கு மையும் கலந்த கறுப்பாக ஆகிவிட்டது. நான்கு தகடும் மயிரிழை கூட விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் எழுத்து தெளிவாக இருக்கும். மயிரிழை விலகாத அச்சு எது? பொடி எழுத்து கறுப்பு மை மட்டும் 100 சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம் என்று இருக்க வேண்டும். ஜேபெக்கிலும் நான்கு மை முறை உண்டு, ஆனால் எழுத்தைப் பிக்சலாக்கிவிட்ட பிறகு என்ன செய்தும் ஓரம் கூர்மையாகாது. பிஎன்ஜிக்கோ நான்கு மை என்ற பேச்சே கிடையாது, அது திரைக்காகப் பிறந்தது.

ஸ்கிரைபஸ் என்ற பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் லேபிளை மறுபடி அடுக்கினேன். லோகோவை எஸ்விஜியாக உள்ளே எடுத்தேன், ஃபோட்டோவை 300க்குக் குறையாத டிஃப்பாக வைத்தேன், பொடி எழுத்துக்குக் கறுப்பு மட்டும். எல்லாவற்றையும் அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-3 என்ற பிடிஎஃப் வகையாக வெளியே எடுத்தேன். ஒரே ஃபைலுக்குள் வெக்டர் வெக்டராகவும் பிக்சல் பிக்சலாகவும் அவரவர் இடத்தில் இருந்தன. அடுத்த மாதிரித் தாளில் உப்பு வரைக்கும் படிக்க முடிந்தது. மஞ்சள் மட்டும் திரையில் பார்த்த பளபளப்பு இல்லாமல் ஒரு படி அடங்கி வந்தது. மையால் எட்ட முடியாத சில நிறங்களைத் திரை காட்டும், அதற்கு யார் மேலும் கோபப்பட்டுப் பயனில்லை.

ஸ்டாம்புக்குக் கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். சாம்பல்கூடக் கிடையாது. ஐந்து சுற்றும் மையில் அடைத்துக்கொண்டு வடையாகிவிடும் என்று ஸ்டாம்ப் செய்பவர் முதலிலேயே சொல்லிவிட்டார். மூன்று சுற்றாகக் குறைத்து, புரியைத் தூக்கிவிட்டு, வெக்டர் பிடிஎஃப் கொடுத்தேன்.

திரைக்கான வேலைகள் சுளுவாக முடிந்தன. பின்னணி இல்லாத லோகோவுக்கு பிஎன்ஜி. முதலில் ஆசைக்கு ஜிஃப் ஆக எடுத்துப் பார்த்தேன், மூன்று நிறத்துக்கு 256 நிற வரம்பு தாராளம்தானே. ஆனால் ஜிஃப்பில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, நடுவே ஒன்றும் கிடையாது. வளைவெல்லாம் ரம்பப் பல்லாகியது. பிஎன்ஜியில் ஒளி ஊடுருவலுக்கே 256 படி உண்டு, ஓரம் பின்னணியோடு வழுக்கிக்கொண்டு சேரும். ஜிஃப் 1987இல் வந்தது. அதன் சுருக்க முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கத் தொடங்கிய எரிச்சலில்தான் பிஎன்ஜியே பிறந்தது. 1996இல் தரமாக வெளிவந்தது. நன்மை நமக்கு. ஒரு எச்சரிக்கை: வலையில் "பின்னணி இல்லாத முறுக்கு" என்று தேடினால் சாம்பல் வெள்ளைக் கட்டம் போட்ட படங்கள் வரும். இறக்கிப் பார்த்தால் அந்தக் கட்டமே படத்தில் வரைந்திருக்கும்.

வாட்ஸ்அப் ஸ்டிக்கருக்கு வெப்பி, 512க்கு 512, 100 கேபிக்குள். அதில் முறுக்கு 14 கேபியில் அடங்கிவிட்டது. இணையப் பக்கத்தில் லோகோவுக்கு எஸ்விஜி, ஃபோட்டோக்களுக்கு வெப்பி. ஏற்றுவதற்கு முன் ஃபோட்டோவின் எக்சிஃப் தகவலை அழித்தேன். அதில் எடுத்த தேதியோடு அத்தை வீட்டுச் சமையலறை எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதும் இருந்தது. உலாவித் தாவலில் தெரிகிற 32க்கு 32 குட்டிப் படத்துக்கு எஸ்விஜியும் கை கொடுக்கவில்லை, சுருள் ஒரு கறையாகத் தெரிந்தது. அதை மட்டும் கிம்ப்பில் பிக்சல் பிக்சலாகக் கையால் வைத்தேன்.

எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, பெயரில் வேலையையும் எழுதி, அத்தைக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினேன். ஃபோட்டோவாக அனுப்பினால் மறுபடி சுருக்கிவிடும், மறுபடி 8க்கு 8 கட்டம்.

போர்டு மாட்டிய அன்று அத்தை தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"டேய், முறுக்கு தப்பாச் சுத்தியிருக்குடா."

"இல்லையே அத்தை, பழைய லோகோ மேலயே வச்சுத்தான் வரைஞ்சேன்."

"நான் இந்தப் பக்கமாச் சுத்துவேன்" என்று காற்றில் விரலால் சுற்றிக் காட்டினார். "இது அந்தப் பக்கமாப் போவுது."

ஃபோனில் பழைய ஜேபெக்கைத் திறந்து பார்த்தோம். அதிலும் அந்தப் பக்கம்தான். ஒன்பது வருஷமாக அப்படியேதான் இருந்திருக்கிறது. 640 பிக்சலில் யாருக்கும் தெரியவில்லை.

இங்க்ஸ்கேப்பில் முறுக்கை மட்டும் தேர்ந்தெடுத்து எச் விசையை ஒரு தட்டுத் தட்டினால் இடவலமாகத் திரும்பிவிடும். லேபிளில் திருப்பியாயிற்று. போர்டு பழையபடியே தொங்குகிறது.